மடைக்குக் கீழே அழகுக்கண்ணு

ஒரே ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கி, அதைத் தப்பாகவே திருப்பிச் சொல்லி, ஒரு வீட்டையே கலக்கிய அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அறுபதைத் தாண்டிய நமக்கெல்லாம் இப்போது காது மந்தம் என்பது வேறு விஷயம். நான் சொல்வது காது நன்றாகக் கேட்ட ஏழு வயதில். அன்று என் வாயிலிருந்து வந்த ஒரு பெயரால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்க இருந்தது, ஒரு மனிதர் அடி வாங்க இருந்தார். இரண்டும் நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வயதில் ரத்த அழுத்தத்துக்குத் திகில் ஆகாது.

அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டித் தீர்த்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அப்பா ராணுவத்தில், எங்கோ வடக்கே இருந்தார். அம்மா பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்குப் பஞ்சு வியாபாரம். கடையிலிருந்து வந்து அவர் சட்டையைக் கழற்றி உதறினால், ஜன்னல் வெயிலில் செத்த நேரம் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிக்கக் கை நீட்டித் தும்மல் வாங்கிக்கொள்வது என் மாலை நேரப் பொழுதுபோக்கு.

அந்த வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. கல்லூரியில் தாவரவியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "எங்க நாத்தனா பாட்டனி படிக்குது" என்று பெரியம்மா சொல்லும்போது, ஏதோ பாட்டுப் படிக்கப் போகிறவளைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் பொருந்திவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தை கேட்டதெல்லாம் ஒன்றுதான்: பங்குனியில் வரும் கடைசிப் பரீட்சையை எழுதிவிடுகிறேன். பெரியப்பாவும் சரி என்றிருந்தார்.

பரீட்சைக்கு முன்னால் காய வைத்த செடிகளைத் தாளில் ஒட்டி ஒரு கட்டாகக் கொடுக்க வேண்டுமாம். அதில் பூச்சி தின்னும் செடி ஒன்றும் இருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைந்து ஒப்பேற்றிவிட்டார்கள். அத்தைக்கு அது ஆகாது. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் விசாரித்து, கண்மாய் மடைக்குக் கீழே நீர் கசியும் மணல் மேட்டில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். துணை இல்லாமல் அவளை வெளியே அனுப்ப மாட்டார்கள். துணை என்றால் நான். முன்பல் இரண்டும் விழுந்த என்னைப் பார்த்து எந்தத் திருடன் பயப்படுவான் என்று பெரியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

மார்கழிக் காலையில் கண்மாய்க்கரையில் நடந்தால் கோரைப்புல்லின் பனி பாவாடை நுனியை நனைத்துக் கணுக்காலில் ஒட்ட வைக்கும். மடைக்குக் கீழே ஒரு சேற்று வாடை, கூடவே நீர்ப்பூண்டு நசுங்கிய வாடை. அங்கே அத்தை குத்தவைத்து உட்கார்ந்து, "பாருட்டி" என்று விரலால் காட்டியபோது முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. பழைய எட்டணாக் காசு அகலத்தில், தரையோடு தரையாக ஒரு சிவப்பு வட்டம். சின்னச் சின்ன இலைகள் கரண்டி மாதிரி சுற்றிலும் விரிந்திருந்தன. ஒவ்வொரு இலையிலும் மயிர் மயிராக நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு துளி. பனி என்று நினைத்தேன். வெயில் ஏறி ஊர்ப்பனி எல்லாம் காய்ந்த பிறகும் அந்தத் துளி காயவில்லை. தொட்டால் பலாப்பழப் பிசின் மாதிரி நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

அத்தை அதன் பெயரைச் சொன்னாள். அழுகண்ணி. எப்போதும் கண்ணீரோடு இருப்பதால் அப்படி ஒரு பெயர். என் காதில் அது "அழகுக்கண்ணு" என்று விழுந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு அழகுக்கண்ணு உண்டு, உங்களுக்கே தெரியும். இவ்வளவு அழகான செடிக்கு அந்தப் பெயர் பொருத்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"வீட்டுல இந்தப் பேரைச் சொல்லிறாதட்டி. கல்யாணப் பேச்சு நடக்கயில அழுகைங்கிற வார்த்தை காதுல விழுந்தா உங்க பெரியம்மா சூடம் கொளுத்திரும்" என்று அத்தை சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. சொல்லக்கூடாது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

அப்புறம் தினமும் போனோம். அத்தை ஒரு லென்ஸ், ஒரு நோட்டு, எனக்குக் காலையில் தரும் அவித்த முட்டையில் கிள்ளிய ஒரு துணுக்கு வெள்ளைக்கரு, இவற்றோடு வருவாள். ஊசி முனையில் முட்டையை எடுத்து இலையில் வைப்பாள். நான் சத்தமாக எண்ண வேண்டும். பத்து எண்ணுவதற்குள் ஓரத்து மயிர்கள் வளைந்து வந்து முட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணல் துகளை வைத்தாலும் வளையும். ஆனால் மறுநாள் போய்ப் பார்த்தால் மணலை விட்டுவிட்டு நிமிர்ந்திருக்கும், முட்டையை விட்டிருக்காது. "தின்னக்கூடியது எது, கூடாதது எதுன்னு இதுக்குத் தெரியுதுல்ல" என்று அத்தை சந்தோஷத்தில் என் தொடையில் ஓங்கி அடிப்பாள். நன்றாக வலிக்கும்.

மார்கழிக் கடைசியில் அது பூத்தது. ஈர்க்குச்சியை விட மெல்லிய தண்டு ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி, உச்சியில் ஒரு வெள்ளைப் பூ. தரையில் கிடக்கும் செடிக்கு இவ்வளவு உயரத்தில் எதற்குப் பூ என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு வாரவன் வேற, பூவுக்கு வாரவன் வேற. பூவுக்கு வந்தவனையும் பிடிச்சுத் தின்னுட்டா விதை எப்படிப் பிடிக்கும்?" என்றாள்.

அடுத்த நாள்தான் பெரியம்மா என் தலையில் பேன் சீப்பைப் போட்டுக்கொண்டே விசாரித்தாள்.

"தினமும் ரெண்டு பேரும் எங்கட்டி போறிய?"

"கண்மாய்க்கு."

"கண்மாயில அத்தைக்கு என்ன சோலி?"

சொல்லக்கூடாது என்று நினைவு வந்தது. ஆனால் பேன் சீப்புக்கு முன்னால் எந்தச் சத்தியமும் நிற்காது. "அத்தை அழகுக்கண்ணைப் பாக்கப் போவும்" என்றேன்.

சீப்பு நின்றது. "எம்புட்டு நாளா?"

"மழை விட்டதுல இருந்து."

"ஆளு செவப்பா கறுப்பா?"

"நல்ல செவப்பு. வெயில் பட்டா இன்னும் செவப்பாயிரும்."

"உங்க அத்தை என்ன செய்வா?"

"கிட்ட உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். முட்டை ஊட்டி விடும்."

பெரியம்மா சீப்பைக் கீழே வைத்தாள். "முட்டையா. கையைக் கிய்யைத் தொடுமா?"

"நாம தொட்டா நம்ம கையைப் பிடிச்சுக்கிடும். நேத்து வெள்ளைப் பூ வந்துச்சு. அத்தைக்கு ஒரே சந்தோஷம். பேரை வீட்ல சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்கு."

இதில் என் தப்பு எவ்வளவு, நம் பேச்சுத் தமிழின் தப்பு எவ்வளவு என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அத்தையும் "சொல்லுச்சு", அண்ணனும் "வந்துச்சு", ஆட்டுக்குட்டியும் "வந்துச்சு". நான் பேசியது செடியைப் பற்றி என்று அந்த வினைச்சொல்லை வைத்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அன்று மதியமே பெரியப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். அப்போதே அத்தையிடம் "யாருட்டி அந்த அழகுக்கண்ணு?" என்று நேராகக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அந்தப் பெயரை வீட்டுக்குள் யாரும் உச்சரிக்கக்கூடாது என்று பெரியம்மா தடுத்துவிட்டாள். பேரைச் சொன்னால் உறவாகிப் போகுமாம். அதனால் பெரியப்பா சொன்னது இவ்வளவுதான்: "இனிமே கண்மாய்ப் பக்கம் போகக்கூடாது. காலேஜுக்கும் போக வேண்டாம். தையிலேயே கல்யாணத்தை வச்சிருவோம்."

அத்தை என்ன நினைத்தாள்? அழுகிற செடியைப் பார்க்கப் போன அபசகுனத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தாள். "இனிமே பாக்கப் போகலைண்ணே. ஒரே ஒரு தடவை விட்டாப் போதும், கையோட கூட்டிட்டு வந்திருறேன். அது இல்லாம என்னால பரீட்சை எழுத முடியாது" என்றாள். செடிகளைக் குழந்தைகளாக வைத்துப் பேசுவது அவள் பழக்கம். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை விடவில்லை. "மாசி வந்து கண்மாய் வத்துச்சுன்னா அது செத்துப் போயிரும்ணே. அதுக்கு முன்னாடி ஒரு தடவை."

"சீக்குக்காரன் வேறயா" என்று பெரியம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். யார் சீக்குக்காரன் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையின் அறைக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டார்கள். உள்ளே அத்தை அழுத சத்தம் கேட்டது. என்னால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் எது என்று தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூ வருவதற்கு முன்பே அத்தை ஒத்திகையாக எடுத்துக் காய வைத்திருந்த ஒரு செடி அரிசிப் பெட்டிக்கு அடியில் பத்திரிகைத் தாளுக்குள் இருந்தது. அது பத்திரமாக இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். பசையில் தாளோடு ஒட்டிக்கொண்டு, சினிமா விளம்பரத்து எழுத்து ஒன்று அதன் இலையில் பதிந்திருந்தது. எனக்கு இன்னும் அழுகை வந்தது.

இதற்குள் பெரியம்மாவின் தம்பி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், துப்பு விசாரித்து வந்துவிட்டார். மில் ஒன்றில் ஃபிட்டராக அழகுக்கண்ணு என்று ஒருவர் இருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து தினமும் காலையில் அந்தக் கண்மாய்க்கரை வழியாகத்தான் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். ஆள் நல்ல சிவப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலை பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நான்தான் அடையாளம் காட்ட வேண்டும். கண்மாய்க்கரைக்குப் போனபோது மாமா அங்கே ஏற்கெனவே ஒருவரின் சைக்கிளை மறித்து, சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். இளவயசுக்காரர். நீலச் சட்டை, கையில் கிரீஸ் கறை, கண்ணெல்லாம் தூக்கம்.

"இந்த வழியாப் போறது தப்புன்னா நாளையில இருந்து சுத்திப் போறேன்யா. ஆனா காரணத்தைச் சொல்லிட்டு அடிங்க" என்றார் அவர்.

மாமா காலரை ஓர் இழுப்பு இழுத்தார். பொத்தான் ஒன்று தெறித்துச் சேற்றில் விழுந்தது. பெரியப்பா என்னிடம் குனிந்து, "சொல்லுத்தா. இவன்தானா?" என்று கேட்டார்.

"இது யாரு பெரியப்பா?"

பெரியப்பா என் கையை இறுக்கினார். "அழகுக்கண்ணைக் காட்டத்தான உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

அப்பாடா, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. கையை உதறிக்கொண்டு மடைக்குக் கீழே ஓடினேன். குத்தவைத்து உட்கார்ந்து, "இந்தா இருக்கு" என்றேன்.

பெரியப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் சேற்றைப் பார்த்தார், அப்புறம் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று புதரைப் பார்த்தார். நான் அவர் விரலைப் பிடித்து இலையில் வைத்தேன். பசை நூலாக இழுத்தது. பக்கத்து இலையில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. மயிர்கள் ஒவ்வொன்றாக வளைந்து அதை மூடுவதை அவர் கடைசிவரை பார்த்தார்.

"இதுவா அழகுக்கண்ணு?"

"ஆமா."

"இதுக்கா முட்டை?"

"ஆமா. மணலும் வச்சோம், திங்கலை."

பெரியப்பா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி. அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது, அதனால் இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அத்தான், இவனை என்ன செய்ய?" என்று கரையிலிருந்து மாமா கேட்டார்.

"கையை எடுலே" என்றார் பெரியப்பா. மேலே ஏறிப் போய், அந்த ஃபிட்டருக்கு முன்னால் நின்று, "தப்பா நெனைச்சுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்கிடாதிய" என்று கும்பிட்டார். பெரியப்பா கோயிலுக்கு வெளியே யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஃபிட்டர் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. "பொத்தானைக் காணோம்" என்று மட்டும் சொன்னார். மூன்று பெரிய மனிதர்களும் சேற்றில் குனிந்து தேடினார்கள். செடியை மிதிச்சிராதிய என்று பெரியப்பாவே மற்ற இருவரையும் அதட்டினார். பொத்தான் கிடைக்கவில்லை.

அவரை வற்புறுத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவர் பனியனோடு உட்கார்ந்து காப்பி குடிக்க, பெரியம்மா தலையை நிமிர்த்தாமல் அந்தச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். அவள் டப்பாவில் நீலப் பொத்தான் இல்லை. சிவப்புதான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல, நீலச் சட்டையில் சிவப்புப் பொத்தானோடு அவர் சைக்கிளில் போவதைப் பார்ப்பேன். பார்த்ததும் பக்கத்துக் கடைக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். அவர் அடி வாங்க இருந்தது என் வாயால்தான் என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது.

பெரியப்பா கதவைத் திறந்து அத்தையிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பரீட்சை என்னைக்கி?" என்று கேட்டார். அத்தை சொன்னாள். "அதுக்கு மேல என்ன படிப்பு இருக்கு?" என்று கேட்டார்.

"மதுரையில ரெண்டு வருஷம்."

"படி."

ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே நேரில் போய், பெண் மேலே படிக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கையில் பால்கோவாப் பொட்டலம் இருந்தது. கல்யாணம் முறிந்ததற்கு இனிப்பு வாங்கி வந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சந்தோஷ மிகுதியில் பெரியப்பா இன்னொன்றும் செய்தார். மடையிலிருந்து ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வந்து, நல்ல மக்கிய சாணி உரம் போட்ட தொட்டியில் நட்டார். ஒரு வாரத்தில் அது கறுத்துப் போனது. "நல்லாத்தான கவனிச்சோம்" என்று வருத்தப்பட்டார்.

"அதுக்குச் சத்தில்லாத மண்ணுதாண்ணே ஆகும். வேண்டியதை அதுவே பிடிச்சுத் தின்னுக்கிடும்" என்றாள் அத்தை. பெரியப்பா அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார்.

அத்தை படித்து, மதுரையில் கல்லூரி ஆசிரியை ஆனாள். கூட வேலை பார்த்த ஒருவரை அவளே தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்த முறை யாரும் என் தலையில் பேன் சீப்பைப் போட்டு விசாரிக்கவில்லை. வீட்டில் அந்தச் சம்பவத்தைப் பேசும்போதெல்லாம், "எவனோ கூறு கெட்டவன் பேரை மாத்திச் சொல்லிட்டான்" என்று பெரியம்மா முடித்துவிடுவாள். என்னைக் காட்டிக் கொடுத்ததே இல்லை. ஆனால் அத்தைக்கு எதிரில் உட்காரும்போதெல்லாம், அந்தத் தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் கேட்ட அழுகை எனக்குக் கேட்கும். ஐம்பத்தைந்து வருஷம் அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

போன மார்கழியில் அத்தை ராஜபாளையம் வந்தாள். எழுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவை. "கண்மாய்க்குப் போவமா?" என்றாள். கார் கரை வரை போனது. ஒரு பக்கம் பிளாட் கல் நட்டிருந்தார்கள். தண்ணீரில் பாலிதீன் பைகள் மிதந்தன. இனி எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்தபடி மடைக்குக் கீழே இறங்கினோம். இருந்தது. மணல் மேட்டில் எட்டணா அகலத்தில், சிவப்பாக, ஒன்றல்ல இருபது முப்பது. எனக்கு உடம்பே லேசானது.

அந்த லேசில்தான் சொல்லிவிட்டேன். "அத்தை, அன்னைக்கிப் பேரை மாத்திச் சொன்னது நான்தான்."

அத்தை லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்ன வேற யாரு? பல்லில்லாத வாயி உனக்குத்தான இருந்துச்சு."

"உங்களுக்கு எம் மேல கோவமே இல்லையா?"

"ஏட்டி, நீ அழுகண்ணின்னு சரியாச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? பெரியம்மா சூடம் காட்டிட்டு, கண்மாய்க்குப் போகாதன்னு சொல்லியிருக்கும். யாரும் வந்து பாத்திருக்க மாட்டாவ. பரீட்சை எழுதுன கையோட சித்திரையில ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கட்டிக் குடுத்திருப்பாவ. நீ மாத்திச் சொன்னதுலதான் அண்ணன் வந்து சேத்துல உக்காந்துச்சு. வெக்கத்துலதான் என்னை மதுரைக்கு அனுப்புச்சு." அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல. அந்த ஃபிட்டருக்குத்தான் நாம கடன்பட்டிருக்கோம்."

கரையில் இரண்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போன ஒரு பெண், காரையும் சேற்றில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவிகளையும் பார்த்து நின்றாள். "யாரைப் பாக்க வந்திருக்கிய?" என்று கேட்டாள்.

அத்தை சிரிக்காமல் சொன்னாள்: "அழகுக்கண்ணை."

"மில்லுல ஃபிட்டரா இருந்தாவளே, அவியளா? அவிய இங்க இல்லையே. தளவாய்புரத்துல மக வீட்டுல இருக்காவ. நல்லாத்தான் இருக்காவ, இப்பமும் சைக்கிள்தான்."

ஆடுகள் நகர்ந்துவிட்டதால் அவளும் போய்விட்டாள். அப்புறம் அத்தை என் தோளைப் பிடித்து, முழங்காலை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எழுந்தாள்.

"போற வழியில துணிக்கடை திறந்திருக்குமாட்டி?" என்று கேட்டாள். "நீலத்துல ஒரு சட்டை எடுக்கணும்."